ஏழு குறைகளும் தீர்ந்தவர்

அன்று காலை இன்னாசிராஜ் இருமவில்லை.

பத்தொன்பது வருடமாக விடியற்காலை ஐந்தரைக்கு அந்த இருமல் தவறாமல் வந்துவிடும். முதலில் ஒரு செருமல், பிறகு நெஞ்சின் அடியிலிருந்து மூன்று, கடைசியில் கட்டில் சட்டம் கிறீச்சிடும்படி ஒரு நீண்ட இழுப்பு. சிசிலிக்கு அலாரமே தேவைப்பட்டதில்லை. அன்று அவள் விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. ஜூலை மழை தகரக் கூரையில் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது, பள்ளிவாசல் ஊர் பவர்ஹவுசுக்கு மலையிறங்கும் பெரிய தண்ணீர்க் குழாய்களின் முனகல் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது, பக்கத்தில் இன்னாசிராஜ் மல்லாந்து கிடந்தான். ராத்திரி நெஞ்சில் தேய்த்துக்கொள்கிற யூகலிப்டஸ் தைலத்தின் வாசனைகூட இல்லை. சிசிலி அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது.

"ம்க்கும். ஒரு நாளாவது மனுசிய ஒறங்க விட்டீங்களே," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அந்த "ம்க்கும்" சிசிலியின் சொந்தச் சொத்து. மூக்கும் தொண்டையும் சேர்ந்து போடும் அந்த ஒரு சத்தத்தில் எதிரே நிற்கிற ஆளை அரைக்கால் ஆளாக்கிவிடுவாள். பஜாரில் அக்ஷயா சென்டர் நடத்துகிறாள். ரேஷன் கார்டு, பென்ஷன், ஜாதிச் சான்று என்று வருகிற அத்தனை எஸ்டேட் ஜனத்துக்கும் காலையிலிருந்து மாலை வரை படிவம் நிரப்புவதுதான் வேலை. பிறந்த தேதி தெரியாதவன், அப்பன் பெயரை மூன்று சான்றில் மூன்று விதமாக வைத்திருப்பவன், கைரேகை விழாதவன் என்று ஆளுக்கு ஒரு "ம்க்கும்" கொடுப்பாள். மிச்சமிருப்பதெல்லாம் வீட்டுக்கு வந்து இன்னாசிராஜுக்கு.

அவன் செய்கிற வேலையும் அவளுக்கு இளக்காரம்தான். பெரிய வங்கிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஓடுகிற லினக்ஸ் கணினிகளின் உள்மையத்துக்குக் கெர்னல் என்று பேர். அது பத்து வருடப் பழசாக இருக்கும். மாற்றினால் எது நின்றுபோகுமோ என்று அந்தப் பெரிய மனிதர்களுக்கு நடுக்கம். ஆனால் புதுக் கெர்னலில் வந்த வசதி மட்டும் ஒன்று விடாமல் வேண்டும். அதனால் புதியதிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து, பழையதற்குள் தையல் தெரியாமல் வைத்துத் தைக்க ஆள் வைத்திருந்தார்கள். பேக்போர்ட் என்பார்கள். இன்னாசிராஜ் முன்னறையில் மேசையைப் போட்டுக்கொண்டு ஏழு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

ஒருமுறை அவளுக்கு விளக்கப் பார்த்தான். "உள்ள எம்புட்டு மாத்தினாலும் வெளிய வெர்ஷன் நம்பர் மாறாது சிசிலி. வெளியேருந்து கூப்பிடுதவனுக்கு அதே பேரு, அதே எடம், அதே பதிலு. உள்ள இருக்கது வேறன்னு அவனுக்குத் தெரியவே கூடாது."

"செத்தவனுக்குச் சட்ட மாத்துத ஜோலின்னு சொல்லுங்க."

"எடுத்த பழசையும் தூக்கிப் போட மாட்டோம். ஓரமா வச்சிருப்போம். புதுசு ஒத்துக்கலேன்னா திரும்பணும்லா?"

"ம்க்கும்."

அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சிரித்தான். அடி வாங்கப்போகிறவனின் சிரிப்பு. அவள் எதைச் சொன்னாலும் அவனிடம் அதுதான் வரும், அதைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இருமல் நின்றதற்கு முந்தைய நாள், வியாழக்கிழமை, மழையில் நெட் போய்விட்டதால் சிசிலி நான்கு மணிக்கே சென்டரை அடைத்துவிட்டு வந்திருந்தாள். மூடுபனி வாசல் வழியாக உள்ளே வந்து நாற்காலிக் கால்களைச் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னாசிராஜ் பால் வாங்கப் போயிருந்தான். மேசையில் கணினி திறந்து கிடந்தது, திரையில் ஒரு புதிய கோரிக்கைப் படிவம். எந்த இயந்திரம், என்ன குறை, எவ்வளவு அவசரம், கேட்பவர் யார். கட்டங்கள் எல்லாம் காலி.

காலிக் கட்டத்தைக் கண்டால் சிசிலியின் கை சும்மா இருக்காது. நின்றபடியே தட்டினாள். இயந்திரம்: இன்னாசிராஜ், எழுபத்தொன்பதாம் வருட மாடல். குறை என்ற இடத்தில் ஒன்று போதவில்லை. விடியக்காலை இருமல். செருப்பை இழுத்து நடப்பது. சாயாவை ஊர் கேட்க உறிஞ்சுவது. ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவது. எதைக் கேட்டாலும் "ம்". கஞ்சிக்கோட்டில் வேலை பார்த்த கதையையே திருப்பித் திருப்பிச் சொல்வது. ஏழாவதாக, என்னைக் கண்டால் பயந்து கண்ணைத் தாழ்த்துவது. அவசரம்: மிக மிக. படிவத்தின் அடியில் எறும்பு எழுத்தில் நான்கு வரி இருந்தது, அதன் பக்கத்தில் "சம்மதம்" என்று ஒரு சின்னக் கட்டம். இந்த மாதிரிக் கட்டத்தில் அவள் ஒரு நாளைக்கு நூறு பேருக்காகச் சரிக்குறி போடுகிறவள், ஒன்றையும் படித்ததில்லை. இதிலும் போட்டாள். அனுப்பினாள். "பெற்றுக்கொண்டோம்" என்று வந்தது. அவனே படித்துத் தொலைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை இருமல் போனது.

சனிக்கிழமை செருப்புச் சத்தம் போனது. சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் திரும்பினால் அவன் பின்னால் நிற்கிறான். வந்த சத்தமே இல்லை. "பூனையா நீங்க," என்று எரிந்து விழுந்தாள். ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இத்தனை வருடம் கத்தியதற்கு இப்போதாவது புத்தி வந்ததே.

அன்று சாயங்காலம் பின்கட்டில் பாத்திரம் விளக்கும்போதுதான் அதைக் கேட்டாள். வீட்டுக்குப் பின்னால் ஏறுகிற சரிவில் ஒரு விறகுக் கொட்டகை உண்டு. கேஸ் வந்த பிறகு யாரும் போவதில்லை, பழைய கிராண்டிஸ் மர விறகு அடுக்கியபடியே கிடக்கிறது. மழை சற்று விட்டிருந்தது. தேயிலை ஃபேக்டரியிலிருந்து வாடிய இலையின் வாசனை பனியோடு சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள்ளிருந்து ஒரு செருமல். பிறகு மூன்று. பிறகு நீளமாக ஒன்று.

சிசிலி சட்டியைக் கீழே வைத்தாள். மழைக்கு ஒதுங்கிய எவனோ என்று நினைத்துக்கொண்டாள். அந்த எவனோவின் இருமல் எந்த இடத்தில் இழுபடும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அதைப் பற்றி யோசிக்காமல் பின்கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் படியில் நின்றபோது பக்கத்து லயத்துக் கத்தரீனாள் குடையை மடக்கிக்கொண்டே வந்தாள். "ஏ சிசிலி, உங்க வீட்டுக்காரரு படியெல்லாம் பட்டாளத்துக்காரரு மாதிரில்ல ஏறுதாரு. பங்குச் சாமியாருகூட நின்னு சாயா குடிச்சாரு, ஒரு சத்தம் இல்ல. என்னத்தக் குடுத்த?"

"நான் குடுத்துத்தான் திருந்தணுமாக்கும்," என்றாள் சிசிலி. பெருமையாகத்தான் இருந்தது. ஊருக்கு அவன் அதே இன்னாசிராஜ். அதே முகம், அதே கட்டம்போட்ட சட்டை, அதே வலது புருவத்து மரு. அவனிடம் எதுவும் மாறியதாக யாருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை கட்டிலில் ஈரத்துண்டு இல்லை. கொடியிலும் இல்லை. அலமாரியிலும் இல்லை. பின்கதவைத் திறந்தபோது கொட்டகைப் பக்கமிருந்து காற்று வந்தது. அதில் ஊறிப்போன துணி நாற்றமும் யூகலிப்டஸ் தைலமும் இருந்தன. உள்ளே யாரோ சாயா உறிஞ்சினார்கள். நிதானமாக, ரசித்து, ஊர் கேட்க.

அன்றைக்குத்தான் சிசிலி முதல் முறையாகக் கழுத்துச் சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டாள். பிடித்திருக்கிற தன் கையைப் பார்த்து அவளுக்கே கேவலமாக இருந்தது. பேய்க்குப் பயந்து தாயத்துக் கட்டிக்கொண்டு சென்டருக்கு வருகிற பெண்களில் எத்தனை பேரைப் பார்த்து அவள் சிரித்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை காலையில், "சென்டர்ல யுபிஎஸ் வேலை செய்யல, ஆள் வரச் சொன்னீங்களா?" என்று கேட்டாள். "ம்" வரவேண்டும். பத்தொன்பது வருடமாக வந்தது அதுதான்.

"சொல்லியாச்சு சிசிலி. பதினோரு மணிக்கு வருவார். பாட்டரி மாத்தணும், வேற பிரச்சின இல்ல. நீ கவலப்படாண்டாம்."

முழு வாக்கியங்கள். அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். இதைத்தானே கேட்டாள், கிடைத்துவிட்டது, பிறகென்ன. அவன் முன்னறைக்குப் போனான், சத்தமில்லாமல். அவள் சோதித்துப் பார்க்க நினைக்கவில்லை. வாய் தானாகக் கூப்பிட்டது. மெல்ல, அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

"ஏங்க."

முன்னறையில் விசைகள் தட்டுகிற சத்தம் நிற்கவில்லை. பின்கதவுக்கு வெளியே, சரிவின் மேலே, பனிக்குள்ளிருந்து பதில் வந்தது.

"ம்."

புதன்கிழமை முழுக்க அவள் சென்டரில் எல்லாருடைய படிவத்திலும் தப்பு செய்தாள். ஒருவரையும் திட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் தானே அந்தப் பழைய கதையை இழுத்தாள். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலையில் ஒருநாள் எல்லாக் கணினியும் படுத்துவிட்டன, இன்னாசிராஜ் தனியாளாக விடிய விடிய உட்கார்ந்து எழுப்பினான், மேலாளர் தன் கையாலேயே பரோட்டா பிய்த்துப் போட்டார். நானூறு தடவை கேட்டு நானூறு தடவையும் பாதியில் எழுந்துபோன கதை.

"அந்தக் கஞ்சிக்கோட்டுக் கதையச் சொல்லுங்களேன்," என்றாள். குரல் அவளுக்கே கெஞ்சலாகக் கேட்டது.

"அது தேவையில்லாத விசயம் சிசிலி," என்றான் அவன். சாயாவைக் குடித்துக் கோப்பையைக் கீழே வைத்தான். கோப்பை தட்டில் பட்ட சத்தம்கூட வரவில்லை. பின்பக்கத்திலிருந்து, மழைக்கு நடுவே, ஒரு முணுமுணுப்பு. கேட்க யாரும் இல்லாமல், நிறுத்தச் சொல்லவும் யாரும் இல்லாமல், ஒரே கதை. கஞ்சிக்கோட்டுல நான் ஜோலி பாக்கப்ப. பரோட்டாவ அவரு கையாலயே. கஞ்சிக்கோட்டுல நான் ஜோலி பாக்கப்ப.

சிசிலி அன்றைக்கு அழுதாள். அவனுக்காக அவள் அழுதது அதுதான் முதல் தடவை. அந்தக் கதையை ஒரு தடவை முழுதாகக் கேட்டிருக்கலாம்.

வியாழக்கிழமை காலை அவர் அவளை நேருக்கு நேர் பார்த்தார். ஆமாம், அவர். மனதுக்குள்கூட அவன் என்று சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. தாழாத கண்கள். கோபம் இல்லை, அன்பும் இல்லை, அவளுக்கு இடம் கொடுத்து விலகவும் இல்லை. அவள்தான் கண்ணைத் தாழ்த்தினாள்.

மூன்றரை மணிக்கே சென்டரை அடைத்துவிட்டு வந்து, நேராகச் சரிவில் ஏறினாள். பட்டப்பகல். ஆனால் பனியில் கொட்டகை பத்தடிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கதவில் புதுப் பூட்டு. பலகை இடுக்கில் முகத்தை வைத்தாள். தைல வாசனை. அடுக்கிய விறகு. விறகின் மேல் ஈரத்துண்டு. தரையில் செருப்பு இழுபட்ட தடங்கள், போய், திரும்பி, போய், திரும்பி. இருட்டு பழகியது. மூலையில் இரண்டு கண்கள்.

அவளைப் பார்த்தன. உடனே தாழ்ந்தன.

எப்படி வீட்டுக்குள் வந்தாள் என்று தெரியாது. முழங்காலில் சேறு. அவர் மேசையில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு எம் புருசன் வேணும்," என்றாள். "இருமட்டும். இழுக்கட்டும். எல்லாத்தையும் திரும்ப வையுங்க."

"முடியாது சிசிலி. இனி எதையும் உருவ முடியாது. ஏறினது பூராவும் ஒண்ண ஒண்ணு பிடிச்சுத்தான் நிக்கிது. உருவினா பழசும் இருக்காது, புதுசும் இருக்காது."

"நீங்கதான சொன்னீங்க, பழசத் திரும்ப வைக்கலாம்னு."

"அதச் சொன்னது நான் இல்ல," என்றார் அவர், வெகு சாதாரணமாக.

அவள் கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். அவர் தடுக்கவில்லை. படிவம் நிரப்பத் தெரிந்தவள் அவள். இந்த மலையில் அவளைவிட அதைத் தெரிந்தவர் யார். திரும்ப வைக்கவும் என்று ஒரு கோரிக்கை போட்டால் முடிந்தது. பழைய கோரிக்கையைத் தேடித் திறந்தாள். ஏழு வரி, ஏழிலும் முடிந்தது என்று குறி. அடியில் அந்த எறும்பு எழுத்து. இப்போது படித்தாள். மாற்றப்பட்ட இயந்திரம் அதே பெயரில் தொடர்ந்து இயங்கும். எடுக்கப்படும் பழைய பகுதிகள் அதே வளாகத்தில் பாதுகாக்கப்படும். அவை அழிக்கப்பட மாட்டா. அவை திருப்பித் தரப்பட மாட்டா. பக்கத்தில் அவள் போட்ட சரிக்குறி.

அதற்குக் கீழே இன்னொரு கோரிக்கை இருந்தது.

கேட்பவர்: இன்னாசிராஜ். தேதி: போன வியாழன், இரவு ஒன்பதரை. முதல் குறை தீர்வதற்கு முன்னால். அவள் எழுதியதைப் படித்துவிட்டு, அவள் தூங்கிய பிறகு, அவன், அந்த அசல் ஆள், பதிலுக்கு ஒன்று எழுதியிருக்கிறான். இயந்திரம்: சிசிலி. குறை என்ற இடத்தில் ஏழெல்லாம் இல்லை. ஒரே வரி.

என்னைக் கேவலமாகப் பார்க்கிறாள்.

அவசரம்: ஒன்றுமில்லை, எப்போது முடியுமோ அப்போது.

அதன் பக்கத்திலும் குறி இருந்தது. முடிந்தது. இன்று, நான்கு பத்து.

சுவர்க் கடிகாரத்தில் நான்கு இருபத்தைந்து.

அவளுக்குச் சிரிப்பு வரவேண்டும். இந்தக் கோழைக்கு இதை நேரில் சொல்ல நாக்கு இல்லையா என்று வரவேண்டும். தொண்டையைக் கூட்டினாள். மூக்கைச் சுருக்கினாள். ம்க்கும். வரவில்லை. மறுபடியும். காற்று மட்டும் வந்தது. நெஞ்சில் அது இருந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பயம் மட்டும் அப்படியே இருந்தது. அதை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லையே.

வெளியே கொட்டகையில் இருமல். செருமல், மூன்று, ஓர் இழுப்பு.

அது அடங்கியதும், அதற்குப் பக்கத்திலேயே, சலித்துப்போய், மூக்கும் தொண்டையும் சேர்ந்து:

"ம்க்கும்."

சிசிலி பின்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

போன் அடித்தது. டின்சி. கோயம்புத்தூரில் நர்சிங் முதல் வருடம் படிக்கிற மகள். அவர்தான் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேசை நடுவில் வைத்தார்.

"அம்மா, நீங்க கேக்கதுக்கு முன்னாடியே சொல்லிருதேன். சாப்பிட்டேன். மத்தியானம் சாப்பிட்டேன், இப்பம் பன்னும் சாயாவும் சாப்பிட்டேன், போதுமா?" டின்சி சிரித்தாள். "ஒரு நாளைக்கு எத்தன வாட்டிம்மா கேப்பீங்க. ஹாஸ்டல்ல எனக்குச் சாப்பிட்டியான்னே பேரு வச்சுட்டாளுக. அத மட்டும் விட்டீங்கன்னா ஒங்களப் போல அம்மா கெடையாது."

அவர் கணினியை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். திரையில் புதிய படிவம். காலிக் கட்டங்கள். விரல்கள் தட்டத் தொடங்கின, சத்தமில்லாமல்.

"வேண்டாம்," என்றாள் சிசிலி. "வேண்டாம். அவ வெளையாட்டுக்குச் சொல்லுதா."

"அவசரமா டின்சி, மெதுவாப் போதுமா?" என்று அவர் கேட்டார். அதே அப்பாவின் குரலில்.

"ரொம்ப அவசரம்ப்பா."

"சம்மதம்தான?"

"நூறு சம்மதம்." மகள் மறுபடி சிரித்தாள்.

கட்டத்தில் குறி விழுந்தது.

சிசிலி போனைப் பிடுங்கி வாயருகே வைத்துக்கொண்டாள். கேட்டாக வேண்டும். இப்போதே. போவதற்குள். ஒரே ஒரு தடவை. வாயைத் திறந்தாள். வார்த்தை நாக்கின் நுனிவரை வந்தது. வந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

"வேற என்ன மக்ளே," என்றாள் இனிமையாக.

"ஒண்ணுமில்லம்மா. வைக்கட்டா."

போன் கட்டானது. அவர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். அவளுடைய உதடுகளும் திருப்பிப் புன்னகைத்தன. பின்கதவு காற்றில் திறந்துகொண்டது. பனி உள்ளே வந்தது, தைல வாசனை உள்ளே வந்தது. சரிவின் மேலே, பூட்டிய கொட்டகைக்குள், சிசிலியின் குரல் இருட்டைப் பார்த்துக் கேட்டது.

"சாப்பிட்டியா மக்ளே?"

மறுபடியும் கேட்டது. மறுபடியும். நான்காவது தடவை, அதற்குப் பக்கத்திலிருந்து, பயந்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, ஒரு குரல் பதில் சொன்னது.

"ம்."